இலுப்பை மரத்தடிப் பாத்தி

பழைய மாணவிகள் கூட்டத்துக்கு நேரில் வந்து பேசச் சொன்னீர்கள். வரமாட்டேன். வந்தால் கத்துவேன். கத்தினால் ரத்தக் கொதிப்பு ஏறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் எழுதித் தருகிறேன். கூட்டத் தலைவிதான் இதை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். கண்ணாடி கொண்டுவரவில்லை, தொண்டை சரியில்லை என்று வேறு யார் தலையிலும் கட்டிவிடக் கூடாது. வாசிப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

தோழிகளே, உங்களுக்கும் என்னைப்போலப் பாதிப் பல் போயிருக்கும். பாளையங்கோட்டைப் போர்டிங்கில் நாம் தின்ற அவித்த பயற்றுக்கு மட்டும் இப்போதும் நாக்கு ஊறும். அதெல்லாம் இருக்கட்டும். மேட்ரன் அம்மாள் நினைவாகப் போர்டிங் வளவில் தோட்டம் போடப்போகிறீர்களாம். வெயில்பக்கம் ஒரு பாத்தி, நிழல்பக்கம் ஒரு பாத்தி. ஒருதரம் நட்டுவிட்டால் வருஷா வருஷம் தானே நிற்கிற செடிகள், அதிகம் தண்ணீர் கேட்காதவை. நல்ல யோசனைதான். கூடவே ஒரு பலகையாம். அதில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று அழைப்பிதழில் படித்தேன். இலுப்பை மரத்தடியில் தன் கையால் நிழல் பாத்தி போட்டு, பட்டுப்போன செடியையும் பிழைக்கவைத்த அம்மாள் என்று எழுதப்போகிறீர்கள்.

அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பாத்தியைப் போட்டவள் என் அக்கா. மேட்ரன் அம்மாள் ஒரு குடம் தண்ணீர்கூட அதற்கு ஊற்றியதில்லை. உங்களில் பலர் எனக்குப் பிந்தி வந்தவர்கள், உங்களுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பது நானும், இதை வாசித்துக்கொண்டிருக்கிறவளும்தான்.

சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் சின்னவள், பாவாடை கட்டத் தெரியாமல் முடிச்சுப் போட்டு வைத்திருப்பேன். அக்காவுக்குக் கடைசி வகுப்பு. அம்மா இல்லை. அப்பா ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் சபைக்கு உபதேசியார். மிஷன் கொடுக்கிற சம்பளம், மிஷன் கொடுத்த வீடு. பெண்பிள்ளைகள் இரண்டு பேரையும் போர்டிங்கில் சேர்த்துவிட்டு, அவர் ஆற்றில் குளித்து, சமைத்துச் சாப்பிட்டு, ஜெபம் நடத்திக்கொண்டு இருந்தார்.

பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார அம்மாளை மிஸ்ஸியம்மாள் என்போம். அவளுக்குப் பூ என்றால் உயிர். வருஷந்தோறும் அவள் ஊரிலிருந்து காகிதப் பையில் விதை வரும். பையின்மேல் நீலமும் ரோஸுமாய்ப் படம் போட்டிருக்கும். மார்கழிக் குளிரில் அந்த விதைகள் முளைத்துப் பூக்கும். மாசி வெயில் விழுந்ததும் சுருண்டுபோகும். காலிப் பைகளுக்கு எங்களுக்குள் அடிபிடி நடக்கும். நீலப்பூப் படம் போட்ட பை ஒன்றை வேதப்புத்தகத்துக்குள் நான் வெகுநாள் வைத்திருந்தேன். வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டது.

சண்டையில் கப்பல் நின்றது. விதை வரவில்லை. மிஸ்ஸியம்மாள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு எங்களைக் கூட்டி ஒரு பிரசங்கம் செய்தாள். இனி ஒரு பருவத்தில் செத்துப்போகிற செடி வேண்டாம், இந்த மண்ணிலேயே பல வருஷம் நிலைத்திருக்கும் செடிகளை வைப்போம் என்றாள். அவள் பேசுகிற தமிழ் பைபிள் தமிழ். "நிலைத்திருங்கள், பிள்ளைகளே" என்பாள், நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு இருக்கும்போது.

அந்த வருஷம் ஆசிரியைப் பயிற்சி வகுப்பில் பள்ளிச் சம்பளம் கட்டாமல் படிக்க ஒரே இடம்தான் இருந்தது. அதற்கு இரண்டு பேர் சமமாக நின்றார்கள். ஒருத்தி என் அக்கா. இன்னொருத்தி பெரிய வாத்தியாரின் மகள். பெரிய வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸியம்மாளுக்கு அடுத்தபடி இருந்தவர், கறுப்புக் கோட்டு போட்டவர். அவர் மகள் யார் என்று கேட்காதீர்கள். உங்கள் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

யாருக்கு இடம் என்பதைப் பாத்தி சொல்லும் என்றாள் மிஸ்ஸியம்மாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பாத்தி போடவேண்டும். அடுத்த ஆனியில் அவள் கோடை முடிந்து மலையிலிருந்து இறங்கி வந்ததும் பார்ப்பாள். லீவில் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது. எந்தப் பாத்தி நிற்கிறதோ அந்தப் பெண்ணுக்குப் பொறுமையும் உழைப்பும் இருக்கிறது, அவள் வாத்திச்சி ஆகத் தகுந்தவள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கொண்டுபோய்ப் பூப்பாத்தியில் வைத்துச் சூதாடின கூத்து இது. இத்தனை வருஷம் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு பெண்ணையாவது இப்படி அளந்திருப்பேனா?

பாத்தி இரண்டு. ஒன்று கிணற்றடியிலிருந்து வாசல் போகிற வழியோரம், காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில். இன்னொன்று போர்டிங் மாடிக் கட்டடத்துக்கு வடக்கே இலுப்பை மரத்தடி. அங்கே உச்சிப்பொழுதிலும் இருட்டு. மரத்தில் வவ்வால் தொங்கும். இலுப்பைப்பூ உதிர்ந்து மண்ணெல்லாம் பிசுபிசு என்று கிடக்கும், எறும்பு மொய்க்கும். நிழல் பாத்தி யாருக்கு வேண்டும் என்று மிஸ்ஸியம்மாள் கேட்டாள். பெரிய வாத்தியார் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா கையைத் தூக்கினாள். அக்கா எப்போதும் அப்படித்தான். ஈரல் துண்டு ஒன்று மிச்சமிருந்தால் எனக்குப் போட்டுவிட்டு வெறும் சாறு குடிப்பாள். அந்தக் கையை ஏன் தூக்கினாள் என்று அவள்மேலும் எனக்குக் கோபம்தான்.

வெயில் பாத்தியில் சிரமம் ஒன்றும் இல்லை. நித்தியகல்யாணியை நட்டால் போதும். நம் பக்கத்தில் அதைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். மிஸ்ஸியம்மாளுக்கு அந்தப் பேர் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. ஓரத்துக்குக் கல்வாழை, மூலைக்கு மூலை சோற்றுக்கற்றாழை, நடுவில் இட்லிப்பூச் செடி. நாலு மழை பார்த்துவிட்டால் அப்புறம் அவற்றை அடித்தாலும் சாகாது.

அக்காவும் முதலில் அதையே நிழலில் நட்டாள். நித்தியகல்யாணி வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டி நீட்டி, ஒரு பூகூடப் பூக்காமல் சாய்ந்தது. செம்பருத்திக் குச்சி அழுகிப்போனது. கனகாம்பரம் கொஞ்சம் தாக்குப்பிடித்தது, ஆனால் இலையெல்லாம் ஓட்டை. அப்பா வாங்கிக்கொடுத்த களைக்கொட்டு ஒன்று அக்காவிடம் இருந்தது. அதன் பிடி உடைந்து, துணி சுற்றி வைத்திருப்பாள். சாயங்காலம் மற்றப் பிள்ளைகள் பாண்டி ஆடும்போது அவள் குந்தியிருந்து அந்த எறும்பு மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன். அவள் அழமாட்டாள்.

இனி மேட்ரன் அம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நீங்கள் பார்த்தது வெள்ளைச் சேலை, வெள்ளைத் தலை, இடுப்பில் சாவிக்கொத்து. நான் பார்க்கும்போது அவளுக்கு முப்பது வயசுகூட இருக்காது. கட்டின கையோடு புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, மிஷனில் வந்து ஒதுங்கினவள். எங்களைக் குளிக்கவைப்பது, சோறு போடுவது, பேன் பார்ப்பது, அடிப்பது எல்லாம் அவள்தான். போர்டிங் சட்டமெல்லாம் அவள் வாயில் இருக்கும். தலையில் பூ வைக்கக் கூடாது. பொட்டு கூடாது. முகத்துக்கு மஞ்சள் பூசக் கூடாது, அது அஞ்ஞானிகள் பழக்கம். மஞ்சள் குழம்புக்கு மட்டும்தான். புதிதாக வந்த ஒரு பிள்ளை ஊர் ஞாபகத்தில் மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டாள் என்று, தேங்காய் நாரால் அவள் கன்னத்தைத் தோல் உரியத் தேய்த்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு வெந்நீர் கொண்டுபோய் வைப்பது என் முறை. குளித்துவிட்டு வரும்போது அவள் காதோரம், கழுத்தடி எல்லாம் லேசாக மஞ்சளாக இருக்கும். நான் பயந்துபோய் அக்காவிடம் ஓடினேன்.

"யக்கா, மேட்ரனம்மாவுக்குக் காமாலை வந்திருக்கு. செத்துப்போயிருவாவளா?"

அக்கா சிரித்துவிட்டாள். அப்புறம் என் வாயைப் பொத்தினாள். "வாய மூடுட்டி. அது காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்கன போயி யார்கிட்டயும் சொல்லிராத."

மேட்ரன் அம்மாளின் குளியலறைக்குப் பின்னால், சுவர் நிழலில், குளித்த தண்ணீர் ஓடுகிற இடத்தில் அகல அகலமான இலையோடு ஒரு புதர் நின்றது. பொங்கலுக்குப் பானையில் கட்டுவார்களே, அந்த மஞ்சள் குலைதான். திருநெல்வேலிச் சீமையில் அதைத் தெரியாத கண் உண்டா? சுவர் மறைத்ததால் மிஸ்ஸியம்மாள் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் குழம்பில் போடுகிற மஞ்சளுக்கும் அந்த இலைக்கும் உறவு உண்டு என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு மஞ்சள் என்றால் சமையலறையில் கிடக்கும் துண்டும் டப்பாவில் இருக்கும் தூளும்தான்.

அக்கா படுகிற பாட்டை மேட்ரன் அம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளும் கல் நெஞ்சுக்காரி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் அக்காவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். நானும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"இங்கன வாட்டி. இந்தக் கெழங்க எடுத்துட்டுப் போயி வையி. வெயிலு படாத எடத்துல இதுமாதிரி வேற எதுவும் வராது. ஒருதடவ வச்சாப் போதும், மண்ணுக்குள்ளயே கெடக்கும்." கிழங்கை முந்தானையில் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க கெடச்சுதுன்னு எவளாவது கேட்டா, அப்பா ஊர்ல இருந்து கொண்டாந்தாருன்னு சொல்லு."

அக்கா தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "சரிம்மா, வைக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

கிழங்கு முளைத்தது. அம்மாடி, அது வந்த வேகம்! ஐப்பசி மழைக்கு அந்த இருட்டே பச்சையாகிவிட்டது. இலையை லேசாகக் கசக்கினால் கை மணக்கும். ஓரத்தில் சேம்பு வைத்தாள், சுவரை ஒட்டிக் குற்றாலத்துப் பக்கமிருந்து யாரோ கொண்டுவந்த பெரணி வைத்தாள். உடைந்த சிலேட்டுத் துண்டில் "நிழல் பாத்தி" என்று எழுதி நட்டுவைத்தாள். அக்கா கையெழுத்து அச்சில் வார்த்தமாதிரி இருக்கும். இலைகளுக்கு நடுவே வெளுப்பாக ஒரு பூ வந்தபோது மிஸ்ஸியம்மாள் குனிந்து பார்த்து, "மிகவும் அழகாயிருக்கிறது, மகளே" என்றாள். அக்கா வாத்திச்சி ஆகி, கொண்டை போட்டு, குடை பிடித்து நடப்பதுபோல நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் மாசி வந்தது. மஞ்சள் இலை பழுத்தது. பங்குனியில் காய்ந்து மடிந்தது. மஞ்சளின் வாழ்க்கை அப்படி. கோடையில் மேலே ஒன்றும் இராது, கிழங்கு உள்ளே தூங்கும், மழை கேட்டால் எழும்பும். அக்கா சருகை வாரிப் பாத்தியிலேயே பரப்பிவிட்டு, கவலையில்லாமல் ஊருக்கு வந்தாள். அப்பாவிடம்கூட, "வர்ற ஆனியில நான் டிரெயினிங்ல சேர்ந்திருவேன்ப்பா, வாத்திச்சி ஆனதும் நீங்க தனியாக் கெடந்து சோறு பொங்க வேண்டாம்" என்றாள். அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

அந்த வருஷம் கோடை மழை ஒரு சொட்டும் இல்லை. சேம்பும் பெரணியும் காய்ந்துபோயின. ஆனியில் நாங்கள் திரும்பி வந்தபோது நிழல் பாத்தி மொட்டையாகக் கிடந்தது. சிலேட்டுத் துண்டு மட்டும் நின்றது.

மிஸ்ஸியம்மாள் குடையோடு வந்தாள். பக்கத்தில் பெரிய வாத்தியார், பின்னால் மேட்ரன் அம்மாள். எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வெயில் பாத்தியில் நித்தியகல்யாணி கண்ணைப் பறித்தது. தலைவியே, நீ நட்ட செடியை நான் குறை சொல்லவில்லை. நீ நன்றாகத்தான் வைத்திருந்தாய். பிறகு இலுப்பை மரத்தடிக்கு வந்தார்கள்.

"மகளே, நன்றாயிருந்த செடியைச் சாகவிட்டாயே. ஏன் இந்தச் சோம்பல்?"

"சாகல்லை அம்மா. உள்ளே இருக்கு. மழை பெய்ஞ்சா வரும்" என்றாள் அக்கா.

மிஸ்ஸியம்மாள் அதை நம்பவில்லை. ஒன்றுமில்லை என்று காட்டுவதற்குக் குடை நுனியால் மண்ணைக் குத்திக் கிளறினாள். மஞ்சள் துண்டு ஒன்று வெளியே வந்து விழுந்தது. அதில் வேர் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு குத்து, இன்னொரு துண்டு. மிஸ்ஸியம்மாளின் முகம் சிவந்துவிட்டது.

"இது சமையலறை மஞ்சள் அல்லவா? இதை யார் இங்கே ஒளித்துவைத்தது?"

பாருங்கள், எவ்வளவு எளிதில் முடிந்திருக்கவேண்டிய விஷயம். சமையலுக்கு வாங்குகிற மஞ்சள் அவித்துக் காயப்போட்டது, கல்மாதிரி இருக்கும். இது பச்சைக் கிழங்கு, வேரோடு இருக்கிறது. பெரிய வாத்தியார் வயல்காட்டில் பிறந்தவர். "அம்மா, இந்தச் செடியின் கிழங்கே மஞ்சள்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தன் செருப்பில் ஒட்டியிருந்த இலுப்பைப்பழத்தை இன்னொரு காலால் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற பெரிய பிள்ளைகளுக்கும் தெரியும். சமையற்காரிக்குத் தெரியும். அந்த வளவில் தெரியாத ஆள் மிஸ்ஸியம்மாள் ஒருத்திதான், தீர்ப்புச் சொல்லுகிறவளும் அவள்தான்.

அக்கா மேட்ரன் அம்மாளைப் பார்த்தாள். பார்த்த கண்ணை எடுக்கவில்லை. மேட்ரன் அம்மாள் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மேட்ரனம்மாதான் தந்தாவ! நான் பாத்தேன்! அவங்க குளிக்கிற எடத்துக்குப் பின்னால நெறைய இருக்கு!"

மிஸ்ஸியம்மாள் அக்காவிடம் திரும்பினாள். "உன் தங்கை சொல்வது மெய்யா?"

"மெய்தான் அம்மா."

"மேட்ரன்?"

மேட்ரன் அம்மாள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள். "இல்லம்மா. நான் எதுக்கு மஞ்சள் வைக்கேன்? அக்காளும் தங்கச்சியும் பொய் சொல்லுதாவ. கலவறையில மஞ்சள் கொறையிதுன்னு நானே கொஞ்ச நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அந்தக் கடைசி வரியைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பயத்தில் சொன்னாள் என்று விட்டுவிடலாம். கலவறையில் பூட்டிவைத்த சமையல் சாமான் குறைகிறது என்று கூடவே ஒரு கதையைக் கட்டி, அக்காவைத் திருடியாக்கினாளே, அதற்கு எந்த பயம் காரணம்?

மறுநாள் அந்தச் சுவரோரம் போய்ப் பார்த்தேன். ஒரு கிழங்கு இல்லை. மண்ணைத் தோண்டி, நிரவி, மேலே சாணித் தண்ணீர் தெளித்திருந்தது.

அப்பா வந்தார். துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மிஸ்ஸியம்மாள் முன்னால் நின்றார். உபதேசியார் மகள் களவுசெய்தாள் என்றால் சபையில் பேச்சாகும், வீட்டுக்குக் கூட்டிப்போய்விடும், சின்னவள் இங்கேயே இருக்கட்டும் என்றாள் அவள். அப்பா சரி என்றார். வாசலில் வைத்து அக்கா அவரிடம் கேட்டாள்.

"நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதாப்பா? உங்களுக்கு மஞ்சள் தெரியாதா?"

"தெரியும் தாயீ. என்ன செய்யச் சொல்லுத? மிஸ்ஸியம்மாவ எதுத்துப் பேசினா நாளைக்கு எனக்கு எங்கன வேலை? தங்கச்சியையும் வெளிய அனுப்பிட்டா? பைய வா. ஆண்டவருக்குத் தெரியும்."

ஆண்டவருக்குத் தெரியுமாம். அவர் வந்து டிரெயினிங் வகுப்பில் இடம் கொடுப்பாரா? அக்கா என் கையில் களைக்கொட்டைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். நான் படித்ததும், ஆசிரியை ஆனதும், இப்போது பென்ஷன் வாங்கிச் சாப்பிடுவதும் அவள் அன்றைக்கு வாசலில் வாயை மூடிக்கொண்டதால்தான்.

பேர் கெட்டுப்போவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அப்பா அவசரப்பட்டார். மாப்பிள்ளை பேட்டையில் பஞ்சு வியாபாரம் செய்த ஒருவர், முதல் தாரத்தை இழந்தவர், அவருக்குப் பிள்ளைகள் இருந்தன. ஆவணியில் கல்யாணம். அக்கா தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். வந்தவர்கள் அடக்கமான பெண் என்று மெச்சினார்கள்.

கல்யாணத்துக்குப் போய்விட்டு நான் போர்டிங்குக்குத் திரும்பிய வாரம் மழை பெய்தது. சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. சில நாளில் இலுப்பை மரத்தடியில் முளை கிளம்பியது. சுருட்டி வைத்த பச்சைக் கூம்பு, பாத்தி முழுக்க. நான் குதித்துக்கொண்டு மேட்ரன் அம்மாளிடம் ஓடினேன். என்னைவிடப் பைத்தியக்காரி யார் இருப்பாள்?

"மேட்ரனம்மா! அக்கா மஞ்சள் வந்துட்டு! மிஸ்ஸியம்மாகிட்டச் சொல்லுங்க, அக்காவக் கூப்பிட்டுக்கிடுவாவ!"

"போட்டி அங்கிட்டு. மணியடிச்சாச்சு, ஜெபத்துக்குப் போ."

மறுநாள் முளையெல்லாம் கொத்திக் கிடந்தது. ஒரு வாரத்தில் மறுபடி வந்தது. மேட்ரன் அம்மாள் மறுபடி கொத்தினாள். மறுபடியும் வந்தது. மேலே கொத்தினால் மஞ்சள் அடங்குமா? அடியோடு தோண்டப் பட்டப்பகலில் அவளுக்குத் தைரியமில்லை. நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் வெட்டுகிறபோது வயிறு எரியும். அது முளைத்து வருகிறபோது கைகொட்டிச் சிரிப்பேன். அந்த வருஷம் முழுக்க எனக்கு அது ஒன்றுதான் துணை.

ஒரு காலையில் அவள் களைவெட்டியோடு குனிந்திருக்கும்போது மிஸ்ஸியம்மாள் அந்தப் பக்கம் வந்துவிட்டாள். பாத்தியைப் பார்த்தாள், அதில் பாதி பச்சை. மண்ணும் கையுமாக நிற்கிற மேட்ரனைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தப் பெண் சாகவிட்டதை நீர் உயிரோடெழுப்பினீரோ?"

மேட்ரன் அம்மாள் களைவெட்டியைச் சேலைக்குப் பின்னால் மறைத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். தாழ்மையினால் குனிகிறாள் என்று மிஸ்ஸியம்மாள் நினைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பொறுமையைப் பற்றிப் பிரசங்கமே செய்தாள். சோம்பேறி கைவிட்டதை ஒரு விதவையின் அன்பு பிழைக்கவைத்தது என்றாள். சோம்பேறி என்றது என் அக்காவை. நான் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் கட்டடத்தின் வடபக்கம் நெடுக அந்தச் செடியையே வைக்கச் சொன்னாள். மேட்ரன் பாத்தி என்று பேராகிவிட்டது. செடிக்கு என்ன பேர் என்று மட்டும் மிஸ்ஸியம்மாள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யார் சொல்லியிருப்பார்கள்?

இப்போது எனக்குச் சில விஷயங்கள் புரிகின்றன. தாலி அறுத்துப்போட்டவள் மஞ்சள் பூசுவது ஊர் வழக்கப்படி பாவம், மிஷன் வழக்கப்படி அஞ்ஞானம். இரண்டு பக்கமும் அடி. சின்ன வயசுக்காரி, சனிக்கிழமை ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தில் கொஞ்சம் மஞ்சள் தேய்த்துப் பார்த்தாள். அதில் என்ன தப்பு? அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். அவளை அப்படி ஒளிந்து குளிக்கவைத்தவர்கள் நாசமாய்ப் போகட்டும். ஆனால் தன் முகத்தைக் காப்பாற்ற என் அக்கா முகத்தில் கரியைப் பூசினாள். அப்புறம் உயிரோடிருந்த காலமெல்லாம் அந்தப் பாத்திக்கு வந்த புகழையும் வாங்கிக்கொண்டாள். புரிகிறது. மன்னிக்கவில்லை.

நான் அங்கேயே ஆசிரியையாகச் சேர்ந்தபிறகு ஒருநாள், நடைபாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க அக்கா நல்லா இருக்காளாம்மா?" என்று கேட்டாள். இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டேன். மேலே ஏதாவது சொல்லுவாளோ என்று கொஞ்சம் நின்றேன். சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா நல்லா இருந்தாளா? மூத்தாள் பிள்ளைகளை வளர்த்தாள், தன் பிள்ளைகளைப் பெற்றாள், ஆட்களுக்குச் சோறு பொங்கினாள். அச்சில் வார்த்த அந்தக் கையெழுத்து அடுக்களை ஜாடிகளின்மேல் இருந்தது. உப்பு. புளி. வத்தல். அவ்வளவுதான் அவள் எழுதினது. ஆற்றைத் தாண்டினால் பாளையங்கோட்டை, வண்டியில் ஏறினால் வந்துவிடலாம். ஒருதரம்கூட இந்தப் பள்ளிக்கூட வாசலை அவள் மிதிக்கவில்லை. பின்கட்டில் சாக்கடையோரம் மஞ்சள் வைத்திருந்தாள். நான் போகும்போதெல்லாம் இந்தக் கதையை எடுத்துக் குதிப்பேன். அவள் சிரிப்பாள்.

"ஏட்டி, அம்புட்டுக் கோவத்தையும் நீயே வச்சுக்கிட்டா எனக்கு என்ன மிச்சம்?"

போன கோடையில் அவள் போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்து பின்கட்டைப் பார்த்தேன். வெறும் மண்ணாகக் கிடந்தது. அதிலிருந்து நாலு கிழங்கு தோண்டி எடுத்துவந்தேன். இந்தக் காகிதத்தோடு ஒரு துணியில் முடிந்து அனுப்பியிருக்கிறேன். நிழல் பாத்தியில் நடுங்கள். கோடையில் ஒன்றும் தெரியாது, தெரியாமல் கிடக்கட்டும். பார்க்க வருகிறவர்கள் காலியாக இருக்கிறதே என்றால் மழை வரட்டும் என்று சொல்லுங்கள். குடையால் குத்தவேண்டாம்.

பலகை வைக்கத்தான் வேண்டுமென்றால் மேட்ரன் அம்மாளுக்கு வெயில் பாத்தியில் வையுங்கள். சோறு போட்டாள், பேன் பார்த்தாள், அதை எழுதுங்கள். இலுப்பை மரம் இன்றைக்கும் நிற்கிறது. அதன் அடியில் இன்னொரு பேர்தான் இருக்கவேண்டும்.

இவ்வளவு எழுதியும் நான் ஒருத்தர் பேரையும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? மற்றவர்கள் பேர் எனக்கு வேண்டாம். அக்கா பேரை வேண்டுமென்றேதான் விட்டேன். தலைவியே, நீயும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அன்றைக்கு இலுப்பை மரத்தடியில் நீயும் வரிசையில் நின்றாய். உனக்கும் மஞ்சள் தெரியும். சின்னப்பெண், அப்பா பக்கத்தில் நிற்கிறார், வாயைத் திறக்க முடியவில்லை, போகட்டும். இப்போது உன் அப்பா இல்லை, மிஸ்ஸியம்மாள் இல்லை, மேட்ரன் அம்மாள் இல்லை. பயப்படுவதற்கு ஆள் இல்லை. அந்தப் பேரை நான் எழுதித் தரமாட்டேன். இந்தக் காகிதத்தைக் கீழே வை. தலையை நிமிர்த்தி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நீயே அதைச் சொல்.